கொம்பு வரட்டும்

அந்தம்மாவின் வாய் பாதி நாள் மூடியே இருக்கும். பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர் அவர். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவ வேண்டும். கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார். பறி வாயில் இருக்கும்போது பேச முடியாது. கரையேறிப் பறியை இறக்கிவைத்த பிறகும் அவர் அதிகம் பேசியதில்லை. யாராவது வம்புக்கு இழுத்தால் தாடையை இரண்டு தரம் அசைத்து, "இருக்கட்டும்" என்பார். அத்தோடு சரி.

அந்த ஒற்றை வார்த்தைதான் என் உத்தியோகத்தில் மண்ணைப் போட்டது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவரைப் போல ஒரு மனுஷியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டும் உண்மைதான்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்தது. பழவேற்காட்டுக்கும் சுண்ணாம்புக்குளத்துக்கும் நடுவே, ஏரியை ஒட்டிய ஒரு ஊரில் போட்டார்கள். ஊரின் பெயர் வேண்டாம். போன முதல் வாரத்திலேயே இறால் ஏஜெண்ட் ஒருவரின் கதையை எனக்குச் சொல்லிவிட்டார்கள். இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஏஜெண்ட் ஒருநாள் அந்தம்மாவின் பறியை மோந்து பார்த்துவிட்டு, "நைஞ்சு போனத எவன் துன்றது?" என்று எல்லோர் முன்னிலையிலும் மணலில் கொட்டிவிட்டானாம். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவிப் பறியில் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏஜெண்டின் முதலாளி பட்டணத்திலிருந்து விருந்தாளிகளோடு வருவதாகத் தகவல் வந்தது. பெரிய நண்டாக வேண்டும் என்று ஏஜெண்ட் அலைந்தபோது அந்தம்மாவே ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விட அகலம். ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். விருந்தில் உடைத்துப் பார்த்தால் ஒன்றிலும் சதையில்லை, தண்ணீர்தான் வழிந்தது. ஓடு மாற்றிய நண்டு கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். வெளியே பார்க்கப் பெரிசு, உள்ளே ஒன்றும் கிடையாது. தண்ணி நண்டு என்பார்கள். அவர் வயிற்றுப்பக்கம் விரலால் அமுக்கி அமுக்கி, கூடை முழுக்கத் தண்ணி நண்டாகவே பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். அடுத்த வாரமே ஏஜெண்டை மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்தது என் முறை என்று அப்போது தெரியாது.

அந்தம்மாவிடம் ஒரு எருமைக்கடா இருந்தது. கன்னங்கரேல் என்று, தோள் என் நெஞ்சுக்கு மேலே நிற்கும். அதை "நைனா" என்றுதான் கூப்பிடுவார். பெற்ற அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி, "நைனா, வா", "நைனா, காலைத் தூக்கு" என்று அதனிடம்தான் அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவார். சுற்றுவட்டாரத்து எருமைகளுக்கெல்லாம் அதுதான் பொலிகடா. நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவர் கடாவை ஓட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளம் தாண்டி மாநில எல்லைப்பக்கம் நடந்து போவார். அங்கே ஒருவரிடம் இதைக் கொடுத்துவிட்டு அவருடைய இளங்கடாவை வாங்கிக்கொண்டு வருவார். கடாவுக்குப் பிறந்த கிடேரிகள் பருவத்துக்கு வருவதற்குள் கடா ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அப்பனிடம் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடாவுக்குக் கூலி கிடையாது. எருமைக்காரர் தவிடும் பிண்ணாக்கும் தன் கையாலேயே சுமந்து வந்து, தன் கையாலேயே கடாவுக்கு ஊட்ட வேண்டும். பிறகுதான் அந்தம்மா கயிற்றை அவிழ்ப்பார். மற்ற நாளில் அந்தம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டால் தூக்கித்தான் ஊற்றுவார்கள். அந்த வீட்டுக்காரர்களே, எருமை பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியதும் அவர் வாசலில் வந்து, "கடாவ வுடும்மா" என்று காத்து நிற்பார்கள். அவருக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான். அதை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் யாராவது தவிட்டோடு வருகிற அன்றைக்குத் தலையை வாரிக்கொள்வார்.

இந்த மரியாதையை ஒழிக்கத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். அப்படி நினைத்துக்கொண்டு போகவில்லை. இனத்தை மேம்படுத்துவது என் வேலை. நாட்டு எருமை ஒரு செம்பு கறந்தால் வடக்கத்தி முர்ரா எருமை ஒரு வாளி கறக்கும். பண்ணையில் முர்ரா கடாவிடம் எடுத்த விந்து பொன்னேரிக்கு பஸ்ஸில் வரும். அதைப் பிளாஸ்க்கில் வைத்து, மீனுக்குப் போடும் ஐஸைச் சுற்றிக் கொட்டி, சைக்கிளில் கொண்டுபோய் நாட்டு எருமைக்கு ஊசியில் ஏற்ற வேண்டும். பிறக்கிற கிடேரி அப்பன் வழிப் பாலைக் கொண்டு வரும், இரண்டு மூன்று தலைமுறையில் ஊரே பாலில் மிதக்கும் என்று கூட்டம் போட்டுப் பேசுவேன். நம்பித்தான் பேசினேன். அது நடக்க வேண்டுமானால் ஊரில் நாட்டுக் கடா இருக்கக் கூடாது. இருப்பதை எல்லாம் காயடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

"என் கடாவத் தொடாத சாரே," என்றார் அந்தம்மா, நான் போய்ச் சொன்னபோது.

நான் விட்டுவிட்டுக்கூடப் போயிருப்பேன். ஊர்த் தலைவர் விடவில்லை. பன்னிரண்டு எருமை வைத்திருந்த மனுஷன். அவர் அப்பா காலத்திலிருந்து தவிட்டுக்கூடையோடு அந்த வாசலில் நின்ற குடும்பம், அது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. "நீ இன்னாத்துக்கு பயப்படற? அவ ஏரில எறங்கற நேரமா பாத்து நான் ஆளு கூட்டினு வரேன். உன் வேலைய நீ பாரு," என்றார்.

ஏரியில் தண்ணீர் இறங்கி, அந்தம்மா இறாலுக்குப் போயிருந்த ஒரு காலையில் நாலு ஆட்கள் கடாவை அவர் வாசலிலேயே சாய்த்துக் கட்டினார்கள். காயடிக்கிற இடுக்கியில் கத்தி கிடையாது, தோலுக்கு மேலேயே விதை நரம்பை நசுக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு தரம். சரியாக விழுந்தால் கைக்கு நறுக்கென்று தெரியும். இடது பக்கம் இரண்டு தரமும் நறுக்கென்று விழுந்தது. வலது பக்கம் பொருத்திவிட்டு நிமிர்ந்தேன். பத்தடி தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பறி பல்லில் தொங்குகிறது. ஓடி வரவில்லை. கத்தவில்லை. பறியைக் கீழே போடவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கீழே குனிந்து பார்க்காமலேயே இடுக்கியை அமுக்கினேன். நறுக்கென்று எதுவும் தெரியவில்லை, தோலைத்தான் கவ்வியது. என் கைக்கு அது தெரியும். இன்னும் இரண்டு தரம் போட்டிருக்க வேண்டும். "முடிஞ்சிதா?" என்றார் தலைவர். அந்தக் கண்ணுக்கு முன்னால் இன்னொரு நிமிஷம் உட்கார என்னால் முடியவில்லை. "முடிஞ்சிது," என்றேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன்.

ஆட்கள் கட்டை அவிழ்த்த பிறகு அந்தம்மா வந்து பறியை இறக்கி வைத்தார்.

"சர்க்காரு உத்தரவும்மா, நான் இன்னா பண்றது?" என்றார் தலைவர்.

அந்தம்மா அவரைப் பார்க்கவே இல்லை. "உன் பேரு இன்னா சாரே?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தாடை இரண்டு தரம் அசைந்தது.

"இருக்கட்டும்."

எல்லைப்பக்கத்துக்காரரும் அதற்குப் பிறகு கடா மாற்றிக்கொள்ள ஒப்பவில்லை. காயடித்த கடா அவருக்கு எதற்கு? ஒரு மாசம் கழித்துத் தலைவர் பெருந்தன்மை காட்டினார். ஊர் எருமைகளை எல்லாம் ஏரிக்குள் இருக்கும் புல்திட்டுகளுக்கு ஓட்டிப்போய் மேய்த்து வரும் வேலையை அந்தம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னார். "கடா போச்சு, கஞ்சிக்கு வழி வேணாமா?" என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். மானஸ்தி, மறுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் உடனே சரி என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தண்ணி நண்டுக் கதை தெரிந்தவன் நான்.

தினமும் காலையில் எருமைகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கும். நடுவில் நைனாவும் போகும். எப்போது பார்த்தாலும் வயிறு வரைக்கும் தண்ணீரில் நிற்கும், இல்லையென்றால் சேற்றில் படுத்திருக்கும். "அது இப்போ சும்மா மாடுப்பா," என்று அவர் கேட்கிறவர்களிடம் சொல்லுவார்.

என் ஊசி வேலை ஓகோ என்று நடந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நடந்திருக்கவே கூடாது. எருமை கத்தினாலும் ஊசிக்குச் சரியான நேரம் வெளியே தெரியாது. பொன்னேரி பஸ் வழியில் நின்றுவிட்டால் பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீராகிவிடும். அந்தச் சரக்கில் உயிர் இருக்காது என்று தெரிந்தும் எத்தனையோ தரம் ஏற்றியிருக்கிறேன், கணக்கு காட்ட வேண்டுமே. ஆனாலும் போட்ட எருமையெல்லாம் சினையானது. மேலதிகாரி மற்ற ஊர்க்காரர்களிடம், "போய் அவனைப் பார்த்துக் கத்துக்கோங்க," என்றார். அவர்களுக்கு நான் பாடமே எடுத்தேன். ஊசியைப் பிடிக்கிற பக்குவம், எருமையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிற விதம் என்று என்னென்னவோ சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

கன்றுகள் பிறந்து நடமாடத் தொடங்கியதும் கன்றுக் கண்காட்சி வைத்தார்கள். பந்தல், மைக், ரிப்பன் எல்லாம் உண்டு. தலைவரின் கிடேரிக் கன்றுக்கு முதல் பரிசு, எவர்சில்வர் குடம். எனக்கும் ஒரு மாலை. அந்தம்மா மேய்ச்சல் கோலோடு பந்தல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா, பார்த்தியா ஊசிக் கன்னுங்கள? எப்டி கீது?"

ஒவ்வொரு கன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "நல்லாத்தான் கீது சாரே," என்றார். "கொம்பு வரட்டும்."

நான் சிரித்தேன். மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்று எடுத்தார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முர்ராவின் அடையாளமே கொம்புதான். ஜிலேபி மாதிரி தலையோடு ஒட்டிச் சுருண்டிருக்கும். ஏரிக்கரை நாட்டு எருமைக்கு அரிவாள் மாதிரி பின்னால் நீண்டு போகும். நிறத்தில் இரண்டும் கறுப்புதான். கன்றாக இருக்கும்போது எந்த ஜாதி என்று சொல்ல என்னாலும் முடியாது. கொம்பு வளர்ந்து வளைகிற வரைக்கும் ஒன்றரை, இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

தலைவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பரிசு வாங்கிய கிடேரியையும் அதற்கு ஜோடியாக இன்னொன்றையும் மஞ்சள் பூசி, காட்டூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டுக்குச் சீராக அனுப்பினார். "அசல் முர்ரா. இன்னும் ஒரு வருஷத்துல பாருங்க சம்பந்தி, கொம்பு ஜிலேபியா சுத்தி நிக்கும்," என்று தாம்பூலம் மாற்றும்போதே சொன்னாராம். ஒரு வருஷமும் ஆனது. சம்பந்தி வீட்டார் அந்த இரண்டையும் கொட்டகையில் கட்டவில்லை. தெருவாசலில் வேப்பமரத்தடியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கட்டிவைத்தார்கள். போகிற வருகிறவர்களிடம், "ஜிலேபி துன்றீங்களா?" என்று கேட்டார்கள். மூன்று மாசம் அந்தப் பெண் தலைநிமிர முடியாமல் இருந்துவிட்டு, இரண்டு கிடேரிகளோடும் அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஊரில் மற்றக் கன்றுகளையும் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குக் கொட்டகை அரிவாள் கொம்பு. அப்போதே படகு பிடித்துப் புல்திட்டுக்குப் போனேன். அந்தம்மா கரையில் உட்கார்ந்து பறியின் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்தார். நைனா தண்ணீரில் கிடந்தது.

"எழுப்புமா அத," என்றேன்.

"நைனா, மேல வா. சாரு பாக்கணுமாம்."

கடா சேற்றை உதறிக்கொண்டு கரையேறித் திரும்பி நின்றது. இடது விதை சூம்பிக் கிடந்தது. வலது விதை முழுசாக, தேங்காய் மாதிரி தொங்கியது.

"தெரிஞ்சுக்கினேவா சும்மா இருந்த?"

"நீ கேக்கலியே சாரே. தண்ணில கெடக்கற எருமைக்கு அடில இன்னா கீதுனு எவனாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

"என் வேலை போயிடும்மா."

"போவட்டும்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நைனாக்குப் போனது வந்துச்சா?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பறியைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அவர் மறுபடியும் "இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடக் கூரையடியில் ஊரே கூடியது. அந்தம்மாவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தலை வாரியிருந்தார்.

"எடது பக்கம் ரெண்டு தபா அமுக்குனாரு சார். நல்லாப் பட்டுது. வலது பக்கம் தோலத்தான் புடிச்சாரு. எந்துரிச்சுட்டாரு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பத்தடில நின்னுக்கினு பாத்தேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வாயில பறி இருந்துது சார்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தலைவரும் நானும் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தண்டனை மாற்றல் வந்தது, தெற்கே கண்காணாத ஒரு மூலைக்கு. அந்த ஊருக்கு வேறு ஆள் போடவில்லை. ஊசித் திட்டம் அத்தோடு நின்றது.

நான் கிளம்பும் நாள் கார்த்திகை மாசம். குளிர் தொடங்கி எருமைகள் கத்துகிற பருவம். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா வாசலில் வந்து நின்றார்.

"சாரே, அந்த இடுக்கிய எடுத்துக்கினு வா. பாதில வுட்ட வேலைய முடிச்சுட்டுப் போ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நிசமாவா சொல்ற?"

"நிசமாத்தான். உன் பொஸ்தகத்துல எழுதினது உண்மையாவட்டும்."

என் மேல் இரக்கப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போனேன். கடா அவர் வாசலில் படுத்திருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. மூக்கணாங்கயிற்றை அவரே பிடித்துக்கொண்டு, காதில் "நைனா, நைனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது பக்கம் இரண்டு தரம் போட்டேன். இரண்டு தரமும் நறுக்கென்று விழுந்தது. கடா ஒரு முறை அடித்தொண்டையில் உறுமியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடை அசைவது மட்டும் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்துச் சேற்றில் கோடு போட்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஆட்கள் வருவது தெரிந்தது. முன்னால் தலைவர். தலையில் தவிட்டுக்கூடை, பின்னால் ஊரில் பாதிப்பேர். சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு கிடேரிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவை சினையானால் சம்பந்தி வீட்டுக்குப் பெண்ணோடு திருப்பி அனுப்பலாம் என்று பேச்சுவார்த்தை நடந்திருந்தது.

"கடாவ வுடும்மா," என்றார் தலைவர். குரல் இறங்கியிருந்தது. "பழசெல்லாம் மறந்துடு."

அந்தம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "மொதல்ல நைனாக்குத் தீனி வையி."

தலைவர் குனிந்தார். கை கையாகத் தவிட்டை அள்ளி நீட்டினார். கடா வலியில் காலை அகட்டி நின்றுகொண்டே அவர் உள்ளங்கையை நக்கியது. கூடையில் பாதி காலியாகும் வரைக்கும் அந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரும் அவர் வாசலில் பார்த்துக்கொண்டு நின்றது.

"இந்த ரெண்டும் இதோட பொண்ணுங்க. உங்க கொட்டாயில கீற கெடேரி அத்தினியும் இதோட பொண்ணுங்கதான். அப்பன்கிட்டயே ஓட்டினு வந்துகீறியே?"

தலைவருக்கு வேர்த்துவிட்டது. "எரும தானேம்மா. அதுக்கு அப்பன் இன்னா, பொண்ணு இன்னா? நீ வுடு. என் பொண்ணு வாழ்க்கம்மா."

அந்த வழக்கத்தைத் தலைவர் வாயாலேயே ஊர் நடுவில் மீற வைத்துவிட்டுத்தான் அந்தம்மா அடுத்ததைச் சொன்னார்.

"வுட்டாலும் ஆவாது. இப்பத்தான் சாரு அடிச்சாரு. இந்த வாட்டி ரெண்டு பக்கமும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இடுக்கி என் கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எதற்காகக் கூப்பிடப்பட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலைவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பிறகு அவர் அந்தம்மா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லைல அந்த ஆளு கைல கடா கீது. நீ ஒரு வார்த்த கேட்டா குடுத்துடுவான். நீ கேட்டாத்தான் குடுப்பான். கேளும்மா. உன் கால்ல வேணா வுழுறேன்."

அந்தம்மா கூரையிலிருந்து பறியை எடுத்தார். நைனாவின் நெற்றியை ஒரு தரம் தடவிவிட்டு ஏரியைப் பார்த்து நடந்தார். தலைவர் பின்னாலேயே ஓடினார். "கேப்பியா மாட்டியா, ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா."

தண்ணீர் விளிம்பில் அந்தம்மா நின்று திரும்பினார். பறியைத் தூக்கிப் பல்லால் கடித்துக்கொண்டார். வாயில் பறி இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.